வாசலில் நான்கு பித்தளைக் கற்கள்: கூட நின்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

கடந்த அக்டோபரில், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், பெர்லின் ஷோனபெர்க் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் நான்கு கற்களைப் பதித்தோம். உதவியவர்களுக்கு ஜெர்மன் மொழியில் எழுதிய நன்றிச் சீட்டு இன்னும் வாசல் கதவில் ஒட்டியிருக்கிறது. ஆனால் பணம் திரட்டியபோது இங்குள்ள தமிழ் நண்பர்கள் பலர் ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்தீர்கள். எதற்காகக் கொடுத்தீர்கள் என்பது உங்களுக்கு முழுதாகத் தெரிய வேண்டும். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

இந்தக் கற்களை இங்கே ஸ்டோல்பர்ஸ்டைன் என்பார்கள். இடறுகல் என்று சொல்லலாம். உள்ளங்கை அகலத்தில் ஒரு கான்கிரீட் கட்டி, அதன் தலையில் பித்தளைத் தகடு. நாஜிகள் கொன்றவர்கள், விரட்டியவர்கள் தாங்களாக விரும்பிக் கடைசியாக வாழ்ந்த வீட்டின் முன்னால், நடைபாதையோடு நடைபாதையாக அதைப் பதிப்பார்கள். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992இல் கொலோன் நகரில் முதல் கல்லைப் பதித்தார். 2023 மே மாதம் நியூரம்பெர்கில் ஒரு லட்சமாவது கல் பதிக்கப்பட்டது. பெரும்பாலானவற்றில் முதல் வரி ஒன்றுதான்: ‘இங்கே வாழ்ந்தார்’.

எங்கள் வாசலில் வாழ்ந்தவர்கள் அப்பா, அம்மா, ஒரு மகன், ஒரு மகள். பெயர்களை இங்கே எழுதவில்லை. அது அவர்களுடைய பேத்தி கேட்டுக்கொண்டது. பெயர்கள் வாசலில் இருக்கின்றன, படிக்க விரும்புகிறவர்கள் வந்து குனிந்து படிக்கட்டும் என்றார். சரி என்றேன்.

முதல் நன்றி மூன்றாம் மாடிப் பாட்டிக்கு. நான் இந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. எங்கள் வட்டாரத்தில் விளக்குக் கம்பங்களில் எண்பது பலகைகள் உண்டு. ரெனாட்டா ஷ்டீ, ஃப்ரீடர் ஷ்னோக் என்ற இரு கலைஞர்கள் 1993இல் மாட்டியவை. ஒரு பக்கம் படம், மறுபக்கம் யூதர்கள் மீது போட்ட ஏதாவது ஒரு தடை. ரொட்டி படம் போட்ட பலகையில், யூதர்கள் மாலை 4 மணி முதல் 5 மணி வரைதான் உணவுப் பொருள் வாங்கலாம் என்ற 1940ஆம் ஆண்டு உத்தரவு இருக்கும். ரொட்டி வாங்கப் போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போவேன். ஒருநாள் படிக்கட்டில் வைத்துப் பாட்டி கேட்டார்: “நம் வீட்டில் யார் இருந்தார்கள் என்று உனக்குத் தெரியுமா?” தெரியாது. அவருக்கும் தெரியாது. அந்தக் கேள்வியிலிருந்து இந்தக் கல் வரை வந்து சேர இரண்டரை வருடம் ஆனது.

அடுத்து, போட்ஸ்டாம் ஆவணக் காப்பகத்தில் எங்களுக்கு உதவிய பெண்மணிக்கு. நாடு கடத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு குடும்பத்திடமும் பதினாறு பக்கச் சொத்துப் படிவம் ஒன்றை நிரப்பி வாங்கினார்கள். பெர்லின் குடும்பங்களின் படிவங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இருக்கின்றன. எங்கள் குடும்பத்தின் கோப்பைத் தேடியபோது கிடைக்கவில்லை. குடும்பப் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம் என்று சொல்லி, மூன்று விதமாக எழுத்துக் கூட்டித் தேடி எடுத்தவர் அவர்தான். அவர் அன்று விட்டுவிட்டிருந்தால் கல்லில் தப்பான பெயர் ஏறியிருக்கும்.

படிவம் கையெழுத்தில் நிரப்பியது. பழைய ஜெர்மன் எழுத்து, இன்றைய ஜெர்மானியர்களுக்கே புரியாது. தன் அம்மாவின் கடிதங்களைப் படித்துப் பழகியிருந்த பாட்டி, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். நான் தட்டச்சு செய்தேன். சூப் தட்டு 6. காபி அரைக்கும் மிஷின் 1. தலையணை உறை 8. சமையலறை நாற்காலி 4. சிறுமிக்கான பனிச்சறுக்குக் காலணி 1 ஜோடி. அந்த இடத்தில் பாட்டி நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் டீ குடித்தோம். அப்புறம் மீதியை வாசித்தோம்.

கோப்பின் பின்பகுதியில் வேறு கையெழுத்துகள். வீட்டுச் சாமான்களை மதிப்புப் போட வந்த அதிகாரியின் கணக்கு. அவர்களைக் கொண்டுபோன பிறகு பூட்டிக் கிடந்த மாதங்களுக்கு வாடகை கேட்டு வீட்டுக்காரர் எழுதிய கடிதம். மின்கட்டண பாக்கி. கொலையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. எல்லாக் காகிதத்திலும் முத்திரை மட்டும் சரியாக இருந்தது.

1941 நவம்பரில் அவர்களைப் பிடித்துப்போய், லெவெட்சோ தெருவில் இருந்த யூதத் தொழுகைக் கூடத்தில் அடைத்தார்கள். தொழுகைக் கூடத்தையே அப்போது ஆட்களை அடைத்து வைக்கும் முகாமாக மாற்றியிருந்தார்கள். நவம்பர் 27 அன்று குருனவால்ட் ரயில் நிலையத்திலிருந்து 1,053 பேரை ஏற்றிய ரயில் லாட்வியாவின் ரீகா நகரத்துக்குக் கிளம்பியது. 30ஆம் தேதி காலை போய்ச் சேர்ந்தது. அன்றே ரும்புலா காட்டில் அவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். மகளுக்கு வயது பத்து.

மகன் பிழைத்தார். 1938 டிசம்பரிலிருந்து போர் தொடங்கும் வரை சுமார் பத்தாயிரம் பிள்ளைகளைப் பெற்றோர் இல்லாமல் பிரிட்டனுக்கு ஏற்றிப்போன ரயில்களில் ஒன்றில், 1939இல், பதினான்கு வயதில் போனவர் அவர். சின்னவளைப் பிரிய அம்மாவுக்கு மனம் வரவில்லையாம். பிழைத்த அந்த மகனுடைய மகள், அதாவது நான் மேலே சொன்ன பேத்தி, விழாவுக்கு லண்டனிலிருந்து வந்தார். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. முதலில் மூன்று கற்களுக்குத்தான் எழுதிக் கொடுத்திருந்தோம். தப்பிப் போனவர்களுக்கும் கல் வைக்கலாம், குடும்பத்தை ஓரிடத்தில் சேர்க்கலாம் என்று எங்கள் வட்டாரக் குழுவினர் சொன்னபோது, அவர் தொலைபேசியில் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “அப்பா கல்லை அவர் தங்கச்சி கல்லுக்குப் பக்கத்தில் வையுங்கள்” என்றார்.

எனக்கு ஒரு தயக்கம் இருந்ததையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் எழுத்தின் மேல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். செத்தவர் பெயரைத் தரையில் வைத்து எல்லோரும் மிதிக்க விடுவதா? இதே கேள்வியை இங்கே யூதர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். மியூனிக் யூத சமூகத்தின் தலைவர் சார்லோட்டே க்னோப்லாக் இதற்காகவே இந்தக் கற்களை எதிர்க்கிறார். அந்த நகரம் பொது நடைபாதைகளில் இவற்றைப் பதிக்க அனுமதிப்பதில்லை. சின்ன வயதில் அந்தக் கொடுமையை நேரில் கண்டவர் அவர். அவர் வாதத்தை ஒதுக்கிவிட எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. பேத்தியிடமே கேட்டேன். “கால் படப் படத்தான் பித்தளை மின்னும். எங்கள் அப்பா சாகிற வரை இந்தத் தெருவின் பெயரைச் சொன்னதில்லை. இனி தெரு அவர் பெயரைச் சொல்லட்டும்” என்றார். என் தயக்கம் அன்றோடு போனது. ஆனாலும் வீட்டுக்குள் நுழையும்போது அந்த நான்கின் மேல் கால் வைக்க எனக்கு வரவில்லை. ஓர் அடி தள்ளித்தான் நடக்கிறேன்.

விழா அரை மணி நேரம்தான். பதிக்க வந்தவர் முழங்கால் போட்டு நடைபாதையின் சின்னக் கற்களைப் பெயர்த்து, மண்ணைத் தோண்டி, நான்கையும் வரிசையாக இறக்கி, சிமென்ட் கலவை போட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்தி, ஈரத் துணியால் துடைத்தார். தகட்டில் எழுத்துகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கையால் அடித்தவை. கொலை இயந்திரம் போல் நடந்தது, நினைவு கையால் செய்யப்பட வேண்டும் என்பது டெம்னிக்கின் பிடிவாதம். அவருக்கும், முகம் பார்த்திராத அந்த எழுத்துக் கொத்தியவருக்கும் எங்கள் வணக்கம்.

தெருக்கோடிப் பள்ளியின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் நான்கு வாழ்க்கைகளையும் வாசித்தார்கள். மகளைப் பற்றி வாசித்த பெண், பனிச்சறுக்குக் காலணி வந்த வரியை மட்டும் தாளைப் பார்க்காமல் சொன்னாள். அவர்களுக்கும், வாரக்கணக்கில் அவர்களோடு உட்கார்ந்த ஆசிரியருக்கும் நன்றி. பக்கத்துத் தொழுகைக் கூடத்திலிருந்து வந்த பெரியவர் கடிஷ் ஓதினார். இறந்தோருக்காகச் சொல்லும் அந்த அரமேய வேண்டுதலில் சாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, முழுக்க இறைவனைப் போற்றுவதுதான் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மழையில் அவர் தலைக்கு மேல் குடை பிடித்தவர் கீழ்த்தளத்துச் செருப்புத் தைக்கும் கடைக்காரர். கடையை அன்று மதியம்வரை திறக்கவில்லை. எங்களுக்கு அதை முன்கூட்டிச் சொல்லவும் இல்லை.

தொடக்கத்தில், “இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு?” என்று கூட்டத்தில் கேட்ட அண்டைவீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். விழாவன்று தன் வீட்டிலிருந்து ஆறு நாற்காலிகளைத் தானே தூக்கிவந்து வயதானவர்களுக்குப் போட்டார். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அவருக்கும் நன்றி, மனதார.

தமிழ் நண்பர்களே, உங்கள் பணத்தில் கற்களின் செலவு போக மிஞ்சியது பேத்தியின் ரயில் டிக்கெட்டுக்கும் வெள்ளை ரோஜாக்களுக்கும் போனது. கணக்கு என்னிடம் இருக்கிறது, கேட்டால் தருகிறேன். அன்று வந்து டீயும் சுண்டலும் பரிமாறிய இருவருக்குத் தனியாக ஒரு நன்றி. சுண்டல் என்னவென்று பேத்தி கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

பித்தளை மழையில் சீக்கிரம் கறுக்கிறது. 1938இல் யூதர்களின் வீடுகளையும் கடைகளையும் தொழுகைக் கூடங்களையும் உடைத்துக் கொளுத்திய நவம்பர் 9ஆம் தேதி இரவின் நினைவாக, அந்த நாளில் ஊர் முழுக்க மக்கள் இந்தக் கற்களைத் துடைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஆஷ்விட்ஸ் முகாம் விடுவிக்கப்பட்ட ஜனவரி 27 அன்றும் அப்படியே. போன நவம்பரில் நான் வீட்டுக் குத்துவிளக்கைத் தேய்ப்பது போலப் புளி வைத்துத் தேய்த்தேன், நன்றாகவே வந்தது. இரண்டாம் மாடிச் சிறுமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சின்ன அக்கா கல்லை இனிமேல் தான்தான் துடைப்பேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இந்த வருடமும் நவம்பர் 9, மாலை 5 மணிக்கு வாசலில் இருப்போம். வருகிறவர்கள் ஒரு பழைய பருத்தித் துணி கொண்டுவாருங்கள். கம்பி நார் வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும். புளி நான் கரைத்து வைக்கிறேன்.

அன்புடன்,
நான்காம் மாடியிலிருந்து