முடிச்சு எங்கே என்று கேட்டவர்

அன்புள்ள கல்பனா,

பதில் எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். இருந்துகொள், அப்புறம் சமாதானப்படுத்துகிறேன். இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி வந்து வந்து போகிறது. சின்னவன் வேலை மாறிவிட்டான். அந்தக் கதைக்குத் தனிக் கடிதம் வேண்டும். இன்றைக்கு உட்கார்ந்தது ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லத்தான்.

"இவ்வளவு கஷ்டப்பட்டுக் கையால் தைத்து யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இதன் அருமை தெரியும்" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய் இல்லையா? அந்த வரி மனதில் முள்ளாக நின்றுவிட்டது. சும்மா ஆறுதலுக்கு ஏதாவது எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் பேசாமல் இருந்தேன். இப்போது சொல்ல என்னிடம் விஷயம் இருக்கிறது.

பெரியக்கா பேத்திக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைத்துக்கொண்டிருந்தேனே, நீலமும் மஞ்சளும் மாறி மாறி வரும் நட்சத்திரம் வைத்தது, அதைக் கொடுக்கப் போயிருந்தேன். வீடு நிறைய ஆட்கள். விரித்ததும் எல்லோரும் சுற்றி வந்துவிட்டார்கள். "என்ன பொறுமை!", "எவ்வளவு அழகு!" அப்புறம் அதுவும் வந்தது: "கடையில் வாங்கின மாதிரியே இருக்கு." உன் முகம்தான் கண்முன் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்கவும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. சொன்னவள் மனதாரத்தான் சொன்னாள்.

அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வழிச் சொந்தம், ஆயுசு முழுக்கத் தையல் வேலை பார்த்தவராம். எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "இங்க கொஞ்சம் குடுங்க" என்று வாங்கினார். வாங்கியதும் முன்பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகத் திருப்பி மடியில் போட்டுக்கொண்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துணியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒரு தையல் வரிசையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே அது முடியும் இடம்வரை போனார். திரும்பி அடுத்த வரிசை. அப்புறம் நிமிர்ந்து கேட்டார்: "முடிச்சு எங்கம்மா?"

கல்பனா, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது!

அதற்கு நாம் எவ்வளவு மெனக்கெடுவோம் என்று உனக்குத்தான் தெரியும். நூல் நுனியில் சின்னதாக ஒரு முடிச்சு, ஊசியை மேல்துணி வழியாக உள்ளே விட்டு வெடுக்கென்று ஒரு இழுப்பு. மெல்ல 'டப்' என்று ஒரு சத்தம். முடிச்சு துணியைத் தாண்டி நடுவில் இருக்கும் பஞ்சில் போய் மாட்டிக்கொள்ளும். கொஞ்சம் பலமாக இழுத்தால் மறுபடி வெளியே வந்துவிடும், மெதுவாக இழுத்தால் உள்ளேயே போகாது. ஒவ்வொரு நூல் தொடங்கும்போதும் முடியும்போதும் இதே பாடு. சரியாக வந்தால் யார் கண்ணுக்கும் படாது. கண்ணுக்குப் படாததைப் பற்றி யார் கேட்பார்கள்? அவர் கேட்டார்.

அதோடு விடவில்லை. நட்சத்திரத்தின் எட்டு முனையும் சேரும் இடத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தார். தையலுக்கு விட்ட துணியெல்லாம் அந்த ஒரு புள்ளியில் வந்து குவியுமே, கட்டி தட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார். "கால் அங்குலமா விட்டீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "கையிலயா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது. துண்டுக்குத் துண்டு ஒரு மயிரிழை கூடினாலோ குறைந்தாலோ வரிசை முடியும்போது அரை அங்குலம் காணாமல் போய், முனைகள் ஒன்றோடொன்று சேராது என்று அவருக்குத் தெரியும். நான் கஷ்டப்பட்ட இடங்களிலெல்லாம் அவர் கை போய் நின்றது.

கடைசியில் நான்கு மூலையையும் புரட்டினார். எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. "பேர் போடலியா?" என்றார். யார் பேர் என்றேன். "தைச்சவங்க பேர்தான். இந்தக் குழந்தை பெரிசாகி யார் தைச்சதுன்னு கேட்டா?"

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. நாம் இரண்டு பேரும் வங்கத்துக் கந்தா வேலையைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம்! நைந்துபோன பழைய சேலைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே வெறும் ஓட்டுத் தையலில் தாமரையும் யானையும் கொண்டுவந்த பெண்கள். அவர்களில் சிலர் தங்கள் பெயரையும் யாருக்காகத் தைத்தோம் என்பதையும் அதே நூலால் துணியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் எழுதாதவர்கள்தானே அதிகம்? இன்றைக்கு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் எத்தனையோ போர்வைக்குப் பக்கத்தில் தைத்தவர் பெயர் இல்லை. அவள் காதில் ஒரு நல்ல வார்த்தையாவது விழுந்திருக்குமா? இதை நினைத்தால் எனக்கு மனது கனத்துவிடுகிறது.

அமெரிக்காவில் அலபாமா ஆற்று வளைவில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறதே, அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த பெண்கள் கிழிந்த வேலைச் சட்டையையும் தீவன மூட்டைத் துணியையும் வெட்டிப் போர்வை தைத்த ஊர். குளிருக்குத்தான் தைத்தார்கள். 2002ல் அந்தப் போர்வைகளை முதலில் ஹூஸ்டனிலும் அப்புறம் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் ஓவியம் மாதிரி சுவரில் மாட்டினார்கள். 2006ல் பத்துத் தபால்தலைகளாகவும் வந்தன. தைத்தவர்களில் பலர் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார்கள், பார்த்தார்கள். தான் படுத்துப் புரண்ட போர்வையின் முன்னால் முன்பின் தெரியாத ஒருவர் அசையாமல் நிற்பதைப் பார்க்கும்போது எப்படி இருந்திருக்கும்! நம்முடையதை அதோடு சேர்த்துப் பேசவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தில் ஒரு துளி எனக்கும் கிடைத்தது என்று தைரியமாகச் சொல்வேன்.

இப்போது என் ஆற்றாமை. விஜிக்கு அவள் புது வீடு போனபோது கொடுத்தேனே, பச்சைப் போர்வை, அதைப் பற்றிப் போன வாரம் கேட்டேன். "ஐயோ, அதை எடுக்கவே மனசு வரலை, பிளாஸ்டிக் பையில் போட்டுப் பீரோவில் பத்திரமா வச்சிருக்கேன்" என்கிறாள்! மரியாதையாகத்தான் சொல்கிறாள், தெரிகிறது. ஆனால் பருத்திக்கு அது மரியாதை இல்லையே. பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் மடிப்பு வழியாகவே இழை விட்டுப்போகும். ஒருவர் மேலும் படாமலே ஒரு போர்வை கிழியும் என்றால் அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? பையை விட்டு வெளியே எடு, வெள்ளைத் துணியில் சுற்று, அவ்வப்போது வேறு மாதிரி மடி, எல்லாவற்றையும்விட முதலில் போர்த்திக்கொண்டு தூங்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பெரியக்கா பேத்தி அப்படி இல்லை. அவள் அம்மா தயங்கித் தயங்கிப் பேசினாள்: குழந்தை வீடு முழுக்க அதை இழுத்துக்கொண்டு திரிகிறதாம், மஞ்சள் நட்சத்திரத்தின் ஒரு முனையை வாயில் வைத்தால்தான் தூங்குகிறதாம், துவைக்க எடுத்தால் காயும்வரை அழுகையாம். "கோவிச்சுக்காதீங்க அத்தை" என்றாள். கோபமா! நீ போனில் இருந்திருந்தால் நான் சிரித்த சிரிப்பைக் கேட்டிருப்பாய். அந்த முனை நைந்தால் மேலே ஒரு ஒட்டுப் போட்டுக்கொடுக்கிறேன், நன்றாகக் கடிக்கட்டும் என்றேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி அடியில் ஒரு அரக்குச் சிவப்பு இருக்கிறதே, யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறாயே, அதை வெளியே எடு. நான் பார்த்த கைவேலையிலேயே அதுதான் உயர்ந்தது. அந்த ஓரப்பட்டியை மூலையில் நீ மடித்துத் திருப்பியிருக்கிற மாதிரி எனக்கு இன்னும் வரவில்லை. அருமை தெரிந்த ஆள் வருகிற நாளில் போர்வை பெட்டிக்குள் கிடந்தால் அவர் எதைத் திருப்பிப் பார்ப்பார், சொல்!

தங்கத்துக்குக் கொடு. எப்போதும் குளிருது குளிருது என்கிறவள், கட்டாயம் போர்த்துவாள், கட்டாயம் நாலு பேரிடம் இழுத்துக் காட்டவும் செய்வாள், உனக்கே அவளைத் தெரியும். கொடுக்குமுன் பின்பக்க மூலையில் ஒரு சின்ன வெள்ளைப் பருத்தித் துண்டு வைத்து உன் பெயரும் வருஷமும் தைத்துவிடு. பேனாவால் எழுதாதே, துவைக்கத் துவைக்க மங்கும். இரண்டு இழை நூலில் காம்புத் தையல் போதும். நானும் பேத்தி போர்வைக்கு இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

நான் அடுத்து எடுத்திருப்பது கவந்தி, கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வை. மேல்துணியைத் தனியாகச் சேர்க்கிற வேலையே இல்லை. ஓரத்தில் ஆரம்பித்து, துண்டு துண்டாக மடித்து வைத்து, எல்லா அடுக்கையும் சேர்த்தே தைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடுவுக்கு வர வேண்டும். நான்கு மூலையிலும் பூ மாதிரி மடித்த துணி வைத்தால்தான் அவர்களுக்கு அது முழுமை. பின்பக்கத்தைத் திருப்பினால் வரிசை வரிசையாகத் தையல் மட்டும்தான். அந்தப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று இப்போதே கை பரபரக்கிறது.

ஒரு விஷயம் மறந்துவிடாதே. அரக்குச் சிவப்பு சாயம் விடும். தங்கம் பாட்டுக்கு மற்ற துணிகளோடு ஊற வைத்துவிடப் போகிறாள். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்து, கறை ஏறினால் குளிர்ந்த தண்ணீரில் தனியாகத்தான் அலச வேண்டும் என்று சீட்டு எழுதி வை. என்றைக்குக் கொடுக்கிறாய் என்று எழுது. அவள் என்ன சொன்னாள் என்பதை ஒரு வார்த்தை விடாமல் எழுது.

அன்புடன்,
சாரதா