ஆனதோத்தில் வாங்கிய நிலம்

அன்பு மகளுக்கு,

ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் வாழ்த்துகள். நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம்.

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். வேலை போய் மாதங்கள் பல கடந்துவிட்டன என்றும், விண்ணப்பித்த இடங்களில் பாதியிலிருந்து பதிலே வருவதில்லை என்றும், வரும் பதில்களும் வருத்தம் தெரிவிக்கும் இரண்டு வரிகளாகவே இருக்கின்றன என்றும் எழுதியிருந்தாய். அதைவிட, "ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை, கர்த்தர் என்னை மறந்துவிட்டாரோ என்று தோன்றுகிறது, இப்படி நினைப்பதே அவிசுவாசமோ என்று பயமாக இருக்கிறது" என்று முடிவில் நீ எழுதியதுதான் என்னை விட்டு அகலவில்லை. அதற்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பயத்தை விட்டுவிடு. நீ கேட்ட அதே கேள்வியோடுதான் 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. ஆறே வசனங்கள் உள்ள அந்தச் சங்கீதத்தில், முதல் இரண்டு வசனங்களுக்குள் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்டுவிடுகிறார். கர்த்தர் தன்னை மறந்துவிட்டார் என்பதைக் கர்த்தரிடமே போய் முறையிடுகிறவன் அவரை விட்டு விலகிப் போனவன் அல்ல. உன் விசுவாசம் குறைவாக இருப்பதால்தான் காரியம் நடக்கவில்லை என்று உன்னிடம் சொன்னவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் அது சரியான ஆலோசனை அல்ல. சொந்த வார்த்தை வராத நாளில் அந்தச் சங்கீதத்தை வாய்விட்டு வாசி. கடைசி இரண்டு வசனங்களிலுள்ள துதியைச் சொல்ல மனம் ஒப்பாவிட்டால் நான்காம் வசனத்தோடு நிறுத்திக்கொள். மீதியை உனக்காக நாங்கள் வாசிக்கிறோம்.

எரேமியா 29:11 உனக்கு மனப்பாடம். நமக்கு நல்ல முடிவைத் தரும் சமாதானத்தின் நினைவுகளே தேவனுக்கு உண்டு என்னும் அந்த வாக்குத்தத்தத்தை இப்போது எல்லாரும் உனக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில் வருவது என்பதையும், அதற்கு முந்தைய வசனத்திலேயே எழுபது வருஷம் என்று காலம் குறிக்கப்பட்டிருப்பதையும் சேர்த்து வாசிக்கிறவர்கள் குறைவு. அந்த நல்ல முடிவு உண்மையானது. ஆனால் அது உடனே வரும் என்று தேவன் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அதே புத்தகத்தின் 32ஆம் அதிகாரத்தை நீ நிதானமாக வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம். கி.மு. 587ஆம் ஆண்டு வாக்கில், யூதாவின் ராஜாவாகிய சிதேக்கியாவின் பத்தாம் வருஷத்தில், பாபிலோன் ராஜாவின் சேனை எருசலேமை முற்றுகையிட்டு மதிலுக்கு எதிராக மண்மேடுகளை எழுப்பியிருந்தது. உள்ளே பஞ்சமும் கொள்ளைநோயும் பரவியிருந்தன. நகரம் விழும் என்று சொன்ன குற்றத்துக்காக எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைக்கப்பட்டிருந்தார். அந்த நேரத்தில் அவருடைய பெரிய தகப்பனின் மகன் அனாமெயேல் வந்து, எரேமியாவின் சொந்த ஊராகிய ஆனதோத்திலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். மதிலுக்கு வெளியே, எதிரி சூழ்ந்துநிற்கும் நாட்டுப்புறத்தில் கிடக்கும் நிலத்தை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? ஆனால் அவன் வருவான் என்று கர்த்தர் முன்னமே சொல்லியிருந்தபடியால், எரேமியா 17 சேக்கல் (அக்கால எடையளவு) வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார், சாட்சிகளை வைக்கிறார், முத்திரையிடுகிறார். முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பிரதியையும் தமக்கு எழுத்தராக இருந்த பாருக்கின் கையில் கொடுத்து, நெடுநாள் அழியாமல் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லுகிறார். நாடே பறிபோகும் வேளையில் ஒரு சிறு நிலத்தின் பத்திரவேலையை ஒரு படியையும் விடாமல் அவர் செய்து முடித்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனி. பத்திரத்தைக் கொடுத்து முடித்த பின்புதான் எரேமியா ஜெபிக்கிறார். உம்மால் செய்யக்கூடாத காரியம் ஒன்றுமில்லை என்று தொடங்கியவர், முடிக்கும்போது, நகரம் கல்தேயரின், அதாவது பாபிலோனியரின், கைக்குப் போகிறதே, நீரோ நிலத்தை வாங்கு என்று சொன்னீரே என்று தம் மனக்குழப்பத்தை மறைக்காமல் கர்த்தர் முன் வைத்துவிடுகிறார். அந்த ஜெபத்துக்காகக் கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஜனங்களைத் திரும்ப வரப்பண்ணுவதையும், அந்த தேசத்தில் மறுபடியும் நிலங்கள் கொள்ளப்படப்போவதையும் விவரமாகச் சொல்லுகிறார்.

நம்பிக்கை என்றால் மனத்தில் எந்நேரமும் திடமும் சமாதானமும் நிறைந்திருக்க வேண்டும் என்று நீ எண்ணிக்கொண்டு, அது இல்லாததால் உன்னையே குற்றப்படுத்திக்கொள்கிறாய். எரேமியாவுக்கு அந்த நாளில் அப்படிப்பட்ட மனநிலை இருந்ததாக நான் அந்த அதிகாரத்தில் காணவில்லை. சொல்லப்பட்டதைச் செய்தார், புரியாததைச் சொன்னவரிடமே கேட்டார். உனக்கும் அவ்வளவு போதும் என்று நம்புகிறேன். நாளைக்கு எழுத வேண்டிய விண்ணப்பத்தை, இதுவும் திரும்பித்தான் வரும் என்ற நினைப்போடு அரைமனதாக எழுதாமல், கவனமாக எழுது. நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் கொண்டுவந்தது அடையும் தண்ணீரும்தான். அதுவும் இரண்டு முறை.

இந்த மாதமே வேலை கிடைத்துவிடும் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். அது என் கையில் இல்லை. எரேமியா ஆனதோத்தின் அந்த நிலத்தில் குடியிருந்ததாக எங்கும் எழுதப்படவில்லை. பிற்பாடு அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் பெர்சிய ராஜாவாகிய கோரேசின் காலத்தில் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களின் அட்டவணையை எஸ்றா இரண்டாம் அதிகாரத்தில் பார். பெயர்களும் எண்களுமாக இருப்பதால் நாம் பெரும்பாலும் தாண்டிப்போகும் பகுதி அது. அதன் 23ஆம் வசனத்தில், ஆனதோத்தின் மனிதர் 128 பேர் என்று இருக்கிறது.

அடுத்த நேர்முகத் தேர்வு எந்த நாள், எந்த நேரம் என்பது தெரிந்தவுடன் எழுது. அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் உனக்காக ஜெபத்தில் இருப்போம். பணத் தேவை இருந்தால் தயங்காமல் அப்பாவிடம் சொல்.

மிகுந்த அன்புடன்,
அம்மா