கடலோர மண்டபத்தில் ஒரு மதியம்

பினாங்கு

அன்புள்ள செல்வம்,

நலம், நலமறிய ஆவல். முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏற முடிகிறதா? எழுது. நான் மகள் வீட்டிலிருந்து திரும்பி, இப்போதுதான் தூக்கம் நேராகியிருக்கிறது. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள்.

அமெரிக்காவில் பார்த்தவற்றில் ஒன்றை மட்டும் உனக்கு விவரமாகச் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சியில் அட்லாண்டிக் சிட்டி என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே கடலைப் பார்த்தபடி போர்ட்வாக் ஹால் நிற்கிறது. 1929இல் திறந்த மண்டபம். 1988 குத்துச்சண்டையில் மைக் டைசன் ஸ்பிங்ஸை 91 நொடியில் சாய்த்தாரே, அந்த இடம்தான்! பத்திரிகைப் படத்தை வெட்டி உன் அறைச் சுவரில் ஒட்டியிருந்தாய். அவ்வளவு பெரிய அரங்கில் நடுவே ஒரு தூண் கிடையாது. 1964 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாடு அங்கே கூடியபோது, ஓட்டுரிமை கேட்டதற்காக அடிபட்ட கதையை ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண்மணி எடுத்துச் சொன்னார். அதே மாதக் கடைசியில் அதே கூரையின் கீழ் பீட்டில்ஸ் பாடினார்கள்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அங்குள்ள ஆர்கன், குழாய்களில் காற்றைச் செலுத்தி இசைக்கும் கருவி. உலகிலேயே பெரியது, 33,112 குழாய்கள் என்று கணக்கு. வாசிப்பவர் முன்னால் ஏழு அடுக்குக் கட்டைகள். சுற்றிக் காட்டியவர் குழாய் அறைக்குள்ளேயே கூட்டிப் போனார். பென்சில் பருமனில் ஒரு வரிசை. இன்னொரு பக்கம் கனத்த பலகையால் செய்த குழாய்கள், அண்ணாந்து பார்த்தாலும் நுனி தெரியவில்லை. ஆக நீளமானது 64 அடி. அதன் அடிச்சுருதி நொடிக்கு 8 அதிர்வுதான். காது பிடிக்காது, உடம்புதான் பிடிக்கும்.

1944 புயலில் கடல்நீர் புகுந்து அதன் இயக்கம் கெட்டது. பிறகு பல காலம் கவனிப்பாரில்லை. மண்டபத்தைப் புதுப்பித்தபோது மிச்சமிருந்த குரலும் அடங்கிவிட்டது. இப்போது நன்கொடை திரட்டி, தோல் கிழிந்த காற்றுப்பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, புதுத் தோல் ஒட்டுகிறார்கள். நம் பஜனை ஆர்மோனியத்தில் துருத்தி ஒழுகினால் நான் செய்கிற அதே வேலை, செல்வம்! பாதிக்கு மேல் பேச ஆரம்பித்துவிட்டது. முழுதும் சரியாகட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கோடையில் வார நாள் மதியம் அரை மணி நேரம் இலவசமாக வாசிக்கிறார்கள். காலியான அரங்கில் ஆங்காங்கே கொஞ்சம் பேர். ஆழ்ந்த சுருதி வந்தபோது என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இங்கே பழைய கட்டடம் என்றால் ஒன்று பூட்டி வைக்கிறோம், இல்லை சாயம் பூசி ஹோட்டலாக்குகிறோம். கட்டடத்தைக் காப்பாற்றுவது உள்ளே நடக்கும் வேலைதான் என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது உறுதியாகத் தோன்றியது. பழைய கட்டடங்கள் நிற்கும் பாடாங் கோத்தா லாமா திடல் பக்கம் மாலையில் நடக்கும்போதெல்லாம் இதையே நினைக்கிறேன்.

உன் ஊரிலேயே, இரட்டைக் கோபுரத்துப் பில்ஹார்மோனிக் அரங்கில், கிட்டத்தட்ட 3,000 குழாயுள்ள ஆர்கன் இருக்கிறது. இத்தனை வருஷம் கோலாலம்பூரில் இருந்தும் நீ கேட்டதில்லை என்றாய். அடுத்த ஆர்கன் கச்சேரி எப்போது என்று விசாரித்து வை. பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கி உன் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு நடந்தே வந்துவிடுவேன். டிக்கெட் என் செலவு. தங்காச்சியிடம் சொல், பசியாற தோசை போதும்.

அன்புடன்,
மாணிக்கம்