மேற்குப் பயணம் ஏன் பிரின்ஸ் ரூபேர்ட் வரை போகிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்தக் கோடைக்கான மேற்குப் பயண நிரலை அனுப்பிய நாளிலிருந்து அலுவலகத்துக்கு ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கிறது. ஜாஸ்பர் மலைகளைப் பார்த்து முடித்ததும் எல்லோரையும் போல நேரே வன்கூவருக்குப் போகாமல், வடக்கே யாரும் கேள்விப்படாத ஒரு மழை ஊருக்கு ஏன் கூட்டிக்கொண்டு போகிறீர்கள்? அங்கே இரண்டு இரவு தங்கி என்ன செய்வது? “அந்தக் காசுக்கு விக்டோரியாவில் இன்னும் இரண்டு நாள் நிற்கலாமே தம்பி” என்று ஓர் அம்மா உரிமையோடு கடிந்துகொண்டார். தொலைபேசியில் ஆளுக்கொரு துண்டாகப் பதில் சொல்வதைவிட, எங்கள் மனத்தில் இருப்பதை முழுதாக எழுதிவிடுகிறோம்.

ஊரின் பெயர் பிரின்ஸ் ரூபேர்ட். கனடாவின் மேற்கு மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகரையில், ஸ்கீனா ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கெயன் என்ற தீவில் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 12 ஆயிரத்துச் சொச்சம். ரொறன்ரோவில் நம் ஸ்காபரோவின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆனால் இந்த ஊரைக் கட்டத் தொடங்கியவர்கள் அதை வன்கூவருக்குப் போட்டியான பெருநகரமாகவே நினைத்துக் கட்டினார்கள். அந்த நினைப்பு என்ன ஆனது, அது கைகூடாதபோது அங்கே வந்து குடியேறியவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதைக் கண்ணால் பார்க்க முடிகிற இடம் அது. வேறொரு நாட்டிலிருந்து வந்து இங்கே வேர்விட்ட நாம் அதைப் பார்க்காமல் இந்த நாட்டைச் சுற்றிப்பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

கனடாவின் முதல் கண்டம் கடந்த ரயில்பாதை வன்கூவரில் முடிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராண்ட் டிரங்க் பசிபிக் என்ற நிறுவனம் இரண்டாவது பாதை ஒன்றைப் போட முனைந்தது. அதன் தலைவர் சார்ல்ஸ் மெல்வில் ஹேய்ஸ். அவருடைய கணக்கு எளிமையானது. பூமி உருண்டை என்பதால் வடக்கே போகப் போக ஆசியாவுக்கான கடல்வழி குறுகும். வன்கூவரைவிட ஓரிரு நாள் முந்திக் கப்பல் வந்து சேரும். குளிர்காலத்திலும் உறையாத, ஆழமான இயற்கைத் துறைமுகம் ஒன்று கெயன் தீவின் ஓரத்தில் இருந்தது. பாதை போர்ட் சிம்ப்சனுக்குப் போகும் என்று பலர் எதிர்பார்த்திருக்க, அவர் காடும் பாறையும் சதுப்பும் மட்டுமே இருந்த இந்த இடத்தைத் தெரிந்தெடுத்தார்.

ஊர் பிறப்பதற்கு முன்பே பெயருக்கு ஒரு போட்டி வைத்தார்கள். பரிசு 250 டொலர். பெயர் ஆங்கிலத்தில் பத்து எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. வென்ற பெயரோ அந்த அளவை மீறியது. ஹட்சன் பே கம்பெனியின் முதல் ஆளுநரான இளவரசர் ரூபேர்ட்டின் பெயர் என்பதால் விதியை ஒதுக்கி வைத்துவிட்டு அதையே ஏற்றுக்கொண்டார்கள். பொஸ்டனிலிருந்து நகர வடிவமைப்பாளர்களை அழைத்து, மலைச் சரிவுக்கு ஏற்ப வளைந்து செல்லும் தெருக்களை வரையச் செய்தார்கள். 1909 மே மாதம் மனைகள் ஏலம் போயின. 1910 மார்ச் 10 அன்று நகரமாகப் பதிவானது. தெரு என்று வரைபடத்தில் இருந்ததெல்லாம் தரையில் பலகைப் பாலங்கள்தான். சதுப்பில் மண் கொட்டினால் அமிழ்ந்துவிடும், பாறையை வெடி வைத்தே உடைக்க வேண்டும். ஆகவே மரப் பலகைகளைத் தூண்கள்மேல் பரப்பி அதன்மேல் நடந்தார்கள், வண்டி ஓட்டினார்கள்.

பிறகு நடந்தது உங்களில் பலருக்கு வியப்பாக இருக்கும். ஹேய்ஸ் இங்கிலாந்திலிருந்து திரும்பிவர ஏறிய கப்பல் டைட்டானிக். 1912 ஏப்ரலில் அவர் அதோடு போனார். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிரான்சிஸ் ராட்டன்பரி வரைந்து கொடுத்த மாபெரும் ரயில் விடுதி கட்டப்படவே இல்லை. பாதையின் கடைசி ஆணி 1914 ஏப்ரல் 7 அன்று ஃபோர்ட் ஃபிரேசருக்கு அருகே அறையப்பட்டது. நான்கு மாதத்தில் முதல் உலகப் போர் வந்தது. 1919இல் நிறுவனம் நொடித்துப்போய், பாதை அரசின் கனேடியன் நேஷனல் ரயில்வேயோடு சேர்ந்தது. ஹேய்ஸின் சிலை இன்றும் நகர மண்டபத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஊருக்குப் பின்னால் எழும் மலைக்கும் அவர் பெயர்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரயிலால் பிறந்த ஊர் என்பது நகரத்துக்குப் பொருந்தும், நிலத்துக்குப் பொருந்தாது. அந்தத் துறைமுகத்தைச் சுற்றி சிம்ஷியன் என்ற பூர்வகுடி மக்கள் 5,000 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வந்திருப்பதைத் தொல்லியலாளர்கள் அகழ்ந்து காட்டியிருக்கிறார்கள். ரயில் நிறுவனம் பெற்றுக்கொண்ட நிலத்தில் பெரும்பகுதி மெட்லகாட்லா சிம்ஷியன்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலம். அவர்கள் இன்றும் அங்கேயே இருக்கிறார்கள். மெட்லகாட்லா கிராமம் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், படகில் போகும் தூரத்தில் இருக்கிறது. வடக்குப் பிரிட்டிஷ் கொலம்பியா அருங்காட்சியகத்துக்கு நாங்கள் அரை நாள் ஒதுக்கியதன் காரணம் இதுதான். அந்த அரை நாளைக் குறைக்கச் சொல்லி யார் கேட்டாலும் குறைக்க மாட்டோம்.

ஆசியச் சரக்கு வராத காலத்தில் ஊரைக் காப்பாற்றியது மீன். 1912இலேயே பெரிய குளிர்பதனக் கிடங்கு கட்டியிருந்தார்கள். ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனைப் பனிக்கட்டியில் அடுக்கி ரயிலில் கிழக்கே அனுப்பினார்கள். உலகத்தின் ஹாலிபட் தலைநகர் என்று ஊர் தன்னைச் சொல்லிக்கொண்டது. ஸ்கீனா ஆற்றின் முகத்தில் சால்மனைத் தகரத்தில் அடைக்கும் ஆலைகள் ரயிலுக்கும் முந்தியவை. அவற்றில் ஒன்று, 1889இல் கட்டிய நோர்த் பசிபிக் ஆலை, பக்கத்து ஊரான போர்ட் எட்வர்டில் தண்ணீருக்குமேல் மரத்தூண்களில் அப்படியே நிற்கிறது. உள்ளே போனால் இயந்திரத்தைவிடக் குடியிருப்புகளைக் கவனியுங்கள். சீனர், ஜப்பானியர், பூர்வகுடியினர், வெள்ளையர் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி வரிசை. 1941 டிசம்பரில் ஜப்பானியக் கனேடியரின் படகுகளை அரசு பறித்து, 1942இல் குடும்பங்களைக் கரையிலிருந்து அப்புறப்படுத்தியபோது அந்த வரிசை காலியானது. வீட்டை விட்டுப் போகச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நம்மவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே இரண்டாம் உலகப் போரில்தான் ஊர் ஒரு தடவை உண்மையிலேயே நிரம்பியது. அமெரிக்கப் படை அலாஸ்காவுக்கு ஆளையும் தளவாடத்தையும் இங்கிருந்து அனுப்பியது. ஸ்கீனா ஓரப் பாதையில் கவச ரயில் ஒன்று ரோந்து போனது. கிழக்கே போகும் நெடுஞ்சாலை 1944இல்தான் இணைந்தது. அதுவரை ரயிலும் கப்பலுமே வழி. போருக்குப் பின் வந்த காகிதக்கூழ் ஆலை 2001இல் மூடப்பட்டது. 1996இல் 16 ஆயிரத்தைத் தாண்டியிருந்த மக்கள் தொகை சரிந்தது அதனால்தான்.

ஆனால் ஹேய்ஸின் கணக்கு பிழையல்ல. 2007இல் ஃபேர்வியூ சரக்குப்பெட்டி முனையம் திறந்தது. ஆசியாவிலிருந்து வரும் கப்பல்களில் இறங்கும் பெட்டிகள் அங்கேயே ரயிலில் ஏறிச் சிகாகோ வரை போகின்றன. அவர் சொன்ன அதே காரணம், அவர் போட்ட அதே பாதை. நாம் வாங்கும் பொருளில் எது எந்தத் துறைமுகம் வழியாக வந்தது என்று நமக்குத் தெரிவதில்லை. அந்த முனையத்தைப் பார்த்தவர்கள் கடைக்குப் போகும்போது அதைப் பற்றி ஒருமுறையாவது யோசிப்பார்கள்.

இந்த இடத்தில் ரயில் தாமதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இரண்டும் ஒரே விஷயம். ஜாஸ்பரிலிருந்து ரூபேர்ட்டுக்கு 1,160 கிலோமீட்டர். பயணிகள் ரயிலான வியா ரயில் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. பகலில் மட்டும் ஓடி, பிரின்ஸ் ஜோர்ஜில் இரவு நிற்கும். அன்றிரவு விடுதி ரயில் டிக்கெட்டில் அடங்காது, பயணிகளே பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் கட்டணத்தில் அதைச் சேர்த்திருக்கிறோம். தண்டவாளம் சரக்கு ரயில் நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஒற்றைப் பாதையில் எதிரே சரக்கு ரயில் வந்தால் நம் ரயில்தான் பக்கத் தடத்தில் ஒதுங்கி நிற்கும். பெட்டிமேல் பெட்டியாக இரண்டடுக்கு ஏற்றிய அந்த ரயில் முடிவில்லாமல் நம் சாளரத்தைக் கடக்கும். அதிர்வு இருக்கையில் தெரியும். சீன எழுத்து, கொரியப் பெயர், டென்மார்க் நிறுவனத்தின் முத்திரை என்று ஒவ்வொன்றாகப் போகும். கடைசிப் பெட்டி போன பிறகுதான் ஆற்றை மறுபடி பார்ப்பீர்கள். இது ஒரு மணி நேரமும் ஆகலாம், கூடவும் ஆகலாம். அதனால்தான் சேரும் இரவில் எந்த நிகழ்ச்சியும் வைக்கவில்லை.

இனி மழை. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல். ரொறன்ரோவைப் போல மூன்று மடங்கு. கோடையிலும் மழை வரும். வராது என்று உங்களுக்கு ஆசைகாட்ட மாட்டோம். காற்றில் குடை நிற்காது. தலைமூடியுள்ள மழைச்சட்டையும் நனையாத சப்பாத்தும் கொண்டுவாருங்கள். ஒரு நாளில் வந்து போகிறவர்கள் மழையை மட்டும் பார்த்துவிட்டு ஊரைக் குறை சொல்கிறார்கள். இரண்டாம் நாள் மேகம் விலகி எதிர்த் தீவுகள் தெரியும் நேரம் பெரும்பாலும் வாய்க்கும். இரண்டு இரவு வைத்ததற்கு முதற்காரணம் அதுதான்.

மற்றக் காரணம் அன்றாட வாழ்க்கை. மான்கள் வீட்டு முற்றத்தில் மேய்ந்துவிட்டுத் தெருவைக் கடக்கும், கார்கள் நின்று வழிவிடும். கவ் பே என்ற படகுத்துறைப் பகுதியில் குப்பைத்தொட்டிக்குக்கூடப் பசுமாட்டின் கறுப்பு வெள்ளைத் திட்டு பூசியிருப்பார்கள். இறங்குதுறை இல்லாத தொடக்க காலத்தில் பால்மாடுகளைக் கப்பலிலிருந்து கடலில் இறக்கி நீந்தவிட்ட இடம் அது. அங்கே மிதக்கும் மேடைக்கு இறங்கும் சாய்பாலத்தைக் காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் பாருங்கள். நீர் ஏறியிருக்கும்போது தட்டையாகக் கிடக்கும். வற்றும்போது ஏணிபோலச் சரிந்துவிடும். மீனவர்கள் மீன்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறுவார்கள். ஓதம் ஏறி இறங்கும் உயரம் 7 மீட்டர் வரை போகும். ஆகவே முழங்கால் வலி உள்ளவர்களைத் திமிங்கிலம் பார்க்கும் படகுக்கு நீர் ஏறியிருக்கும் நேரத்தில்தான் கூட்டிப்போவோம்.

பெப்ரவரியில் ‘ஆல் நேட்டிவ்’ என்ற பூர்வகுடி ஊர்களின் கூடைப்பந்தாட்டத் திருவிழா நடக்கும். 1960 முதல் இந்தப் பெயரில் நடந்து வருகிறது. ஹைடா குவாய் தீவுகளிலிருந்தும் அலாஸ்காவிலிருந்தும் அணிகள் வரும். நாங்கள் கோடையில் போவதால் அது வாய்க்காது. விளையாட்டில் ஆர்வமுள்ள குடும்பங்கள் கேட்டால் தனியாக ஏற்பாடு செய்து தருகிறோம்.

விமானத்தில் போகலாமே என்று கேட்டவர்களுக்கு: விமான நிலையம் டிக்பி என்ற வேறொரு தீவில் இருக்கிறது. பேருந்தில் ஏற்றி, பேருந்தையே படகில் ஏற்றி, அக்கரை கொண்டுபோவார்கள். உடல்நிலை காரணமாக ரயிலில் நீண்ட நேரம் இருக்க முடியாதவர்களுக்கு மட்டும் அந்த வழியைப் பதிவு செய்கிறோம்.

வன்கூவரை நாங்கள் விட்டுவிடவில்லை. ரூபேர்ட்டிலிருந்து போர்ட் ஹார்டிக்குப் பகல் முழுக்கக் கப்பல், அங்கிருந்து பேருந்தில் தீவு வழியாக விக்டோரியா, பிறகு வன்கூவர், அங்கிருந்து வீடு. மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு ரயிலிலும் கப்பலிலும் தெரிவு குறைவு. புளிச்சோறும் இடியப்பமும் கட்டித்தர ஒழுங்கு செய்கிறோம், பதிவின்போதே சொல்லுங்கள்.

இவ்வளவும் வாசித்த பிறகும் மலையும் வன்கூவரும் போதும் என்று நினைப்பவர்கள் மே மாத இறுதிக்குள் சொன்னால் குறுகிய பயணத்துக்கு மாற்றித் தருவோம், கட்டண வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுப்போம். வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: டெரஸ் நிலையத்தைத் தாண்டிய பின் ஸ்கீனா ஆறு ரயிலின் இடப்பக்கம் வரும், கடல் வரை கூடவே வரும். மூத்தவர்களை அந்தப் பக்கச் சாளரத்தில் அமர வைக்க முயல்வோம். இளையவர்கள் இடம் கொடுத்து உதவுங்கள்.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்
ஸ்காபரோ