ரயில் பெர்த்துக்குத் தீத்தடுப்பு விதி உண்டு, பி.ஜி. மெத்தைக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் மெத்தை விளம்பரம் பக்கம் பக்கமாக வரும். நீளம், அகலம், கனம், எத்தனை வருட வாரண்டி, முதுகுவலிக்கு எது நல்லது, எல்லாம் அதில் இருக்கும். ஒரு தீப்பொறி விழுந்தால் அந்த மெத்தை என்ன ஆகும் என்பது மட்டும் இருக்காது. கடையில் கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

பெங்களூருக்கு வேலை தேடி வரும் நம் பிள்ளைகள் முதலில் படுப்பது பி.ஜி. எனப்படும் வாடகை விடுதிக் கட்டிலில்தான். 72 அங்குல நீளம், 36 அகலம், 4 அங்குல ஃபோம் என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். ‘டென்சிட்டி 32’ என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 32 கிலோ இருக்கும் என்று அர்த்தம், வேறொன்றும் இல்லை. அந்தக் கணக்கில் இந்த மெத்தை ஐந்தரைக் கிலோ. பாலியூரித்தேன் ஃபோம் எரிந்தால் கிலோவுக்குச் சுமார் 25 மெகாஜூல் வெப்பம் வரும். அதாவது ஒரு மெத்தைக்குள் ஏறக்குறைய நான்கு லிட்டர் மண்ணெண்ணெயின் வெப்பம் இருக்கிறது. நாலு கட்டில் போட்ட அறையில் 16 லிட்டர். அவ்வளவு மண்ணெண்ணெயை கேனில் கொண்டுவந்து வைத்தால் யாராவது அந்த அறையில் படுப்பார்களா?

இதைவிட மோசம், துண்டு ஃபோமை அரைத்துப் பசை போட்டு அழுத்திய ரீபாண்டெட் மெத்தை. ‘நல்லா கட்டியா இருக்கு பாருங்க’ என்று தட்டிக் காட்டி விற்பார்கள். டென்சிட்டி 80 என்றால் அதே அளவு மெத்தை பதின்மூன்றரைக் கிலோ, பத்து லிட்டர் மண்ணெண்ணெய்க்குச் சமம். இது பற்றிக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கலாம். பற்றிய பிறகு எரிவதற்கு இரண்டரை மடங்கு சரக்கு உள்ளே இருக்கிறது. எனவே டென்சிட்டி கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைக்க வேண்டாம். இலவம் பஞ்சு, தென்னை நார், லேடெக்ஸ் எல்லாமே எரியக்கூடியவைதான்; எரியும் விதம்தான் வேறு.

அந்த விதத்தைத்தான் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும். அணையாத சிகரெட், கொசுவர்த்தி போன்றவை பஞ்சு மெத்தையில் விழுந்தால் உடனே ஜுவாலை வராது. உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டு போகும். மேலே ஒரு காசளவு கருப்பு மட்டும் தெரியும். பாலியெஸ்டர் உறை அதே சிகரெட்டுக்குச் சுருங்கி விலகிவிடும். ஆனால் தீக்குச்சியோ மெழுகுவர்த்தியோ பட்டால் அந்த உறை உருகி வழி திறந்துவிடும், ஜுவாலை நேரே ஃபோமுக்குப் போகும். ஃபோம் விறகு மாதிரி நின்று எரிவதில்லை. உருகிச் சொட்டி, கட்டிலுக்கு அடியில் குளம்போல் தேங்கி, அங்கிருந்து மெத்தையின் அடிப்பக்கத்தைச் சுடும். மேலே தண்ணீர் ஊற்றுபவருக்குக் கீழே எரிவது தெரியாது. இதற்குள் புகையில் கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்திருக்கும். ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் தீயல்ல, இந்தப் புகைதான்.

வெளிநாடுகள் இதை எப்படி அளக்கின்றன என்று பார்ப்போம். அமெரிக்காவில் 1973 முதலே மெத்தைக்குச் சிகரெட் சோதனை உண்டு. மெத்தையின் வழவழப்பான பரப்பு, தையல் பள்ளம், ஓரத்து டேப் எட்ஜ் என்று மூன்று இடத்திலும், விரிப்பு இல்லாமலும் இரண்டு விரிப்புகளுக்கு நடுவிலும், எரியும் சிகரெட்டை வைத்துப் பார்ப்பார்கள். கருகல் சிகரெட்டிலிருந்து இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் தோல்வி. 2007 ஜூலை முதல் ஜுவாலைச் சோதனையும் கட்டாயம். விரிப்பும் போர்வையும் எரிவதைப் போல இரண்டு கேஸ் பர்னர்களை மேற்புறம் 70 விநாடி, பக்கவாட்டில் 50 விநாடி காட்டிவிட்டு, முழு மெத்தையை அரை மணி நேரம் கவனிப்பார்கள். எந்த நொடியிலும் வெப்பம் 200 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. முதல் பத்து நிமிடத்தின் மொத்த வெப்பம் 15 மெகாஜூலுக்கு மேல் போகக் கூடாது. ஒரு சாதாரண அறை முழுவதும் ஒரேயடியாகக் குப்பென்று பற்றச் சுமார் 1000 கிலோவாட் போதும் என்பதோடு வைத்துப் பார்த்தால் 200 என்ற எண்ணின் அர்த்தம் புரியும். ஆள் எழுந்து வெளியே போக அவகாசம் தருவதற்கான எண் அது.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 1979இல் மான்செஸ்டரில் ஒரு பெரிய கடையின் மரச்சாமான் பிரிவில் பிடித்த தீயில் 10 பேர் இறந்தார்கள். 1988இல் வீட்டுச் சோபாவுக்கே கட்டாய விதி வந்தது. உறைக்கும் ஃபோமுக்கும் தனித்தனிச் சோதனை வைத்ததால் தீத்தடுப்பு ரசாயனத்தை அள்ளிப் போட்டுத் தேர்ச்சி பெறுவது அங்கே வழக்கமாயிற்று. அந்த ரசாயனங்களில் சில பின்னர் வீட்டுத் தூசியிலும் மனித உடலிலும் இருப்பது தெரிந்து தடை செய்யப்பட்டன. நாம் அந்தத் தவறைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. கலிபோர்னியா 2013இல் சோபா விதியைத் திருத்தி, ரசாயனம் போடாமலே தேறக்கூடிய கனல் சோதனைக்கு மாறியது.

மெத்தை நன்றாகத் தேறுவது பெரும்பாலும் ஃபோமால் அல்ல. உறைக்கும் ஃபோமுக்கும் நடுவில் சாக்ஸ் மாதிரி மாட்டும் ஒரு தடுப்புத் துணிதான் காரணம். சிலிக்கா கலந்த விஸ்கோஸ், கம்பளி, அராமிட் (சூட்டில் உருகாத செயற்கை இழை) ஆகியவற்றில் அது வரும். தீ பட்டால் உருகாமல் கருகி ஓடுபோல் நிற்கும். இதில் எல்லோரும் கோட்டை விடும் இடம் தையல் நூல். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சாதா பாலியெஸ்டர் நூலால் தைத்தால் சூடு பட்டதும் நூல் உருகித் தையல் பிளந்துவிடும். அதனால்தான் அராமிட் நூல் கேட்க வேண்டும். ஜிப் வைத்த உறையில் ஜிப்புக்கு அடியில் அதே துணியில் ஒரு மடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். தடுப்புத் துணி கண்ணாடி இழையாக இருந்தால் உறையைக் கழற்றித் துவைக்கக் கூடாது; இழை வெளியே வந்து தோலையும் கண்ணையும் உறுத்தும்.

‘எஃப்.ஆர். ஃபோம்’ (தீத்தடுப்பு ஃபோம்) என்று ஒட்டிய ஸ்டிக்கரை மட்டும் நம்பிப் பயனில்லை. உறை, தடுப்பு, ஃபோம் மூன்றும் சேர்ந்த நிலையில் நடந்த சோதனையின் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். அதில் துணியின் விவரம், ஃபோமின் டென்சிட்டி, ஆய்வகத்தின் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார அமைப்பு) எண், தேதி இருக்க வேண்டும். பஞ்சு உறைக்குத் தீத்தடுப்பு மருந்து தெளித்தது என்றால், எத்தனை சலவை தாங்கும் என்று கேளுங்கள். சாதாரண உப்பு வகை மருந்து முதல் தண்ணீரிலேயே போய்விடும். நம் ஊர் போர்வெல் தண்ணீரில் சோப்பு போட்டுத் துவைத்தால், தங்கும் சுண்ணாம்புப் படிவம் நல்ல தீத்தடுப்புத் துணியையும் கெடுக்கும்.

இங்கே நம் நிலைமை விசித்திரமானது. இரவு ரயிலில் சென்னையிலிருந்து படுத்து வருகிறோமே, அந்த பெர்த் ஃபோமுக்கு லக்னோவில் உள்ள ரயில்வே ஆய்வு அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் தீத்தடுப்பு விவரக்குறிப்பு உண்டு. மெத்தை தைத்த இருக்கைகள் பற்றிக்கொள்வதைச் சோதிக்க ஐ.எஸ். 15768 என்ற இந்தியத் தரமும் 2008 முதல் இருக்கிறது. அதைக் கட்டாயமாக்க 2023இல் மத்திய அரசு தரக்கட்டுப்பாட்டு ஆணையும் போட்டது. ஆனால் ஆணையின் பெயரிலேயே ‘வீட்டு உபயோகம் அல்லாத’ என்று வந்துவிட்டது. ரயிலில் இறங்கி மடிவாளாவிலோ மாரத்தஹள்ளியிலோ பி.ஜி.யில் படுக்கிற பிள்ளைக்கு அது எட்டுவதில்லை. முன்பணம் வாங்கும்போது வணிகம், பொறுப்பு என்று வந்தால் வீடு என்பது பி.ஜி.க்காரர்களுக்குப் பழகிப்போன வாதம்.

விதி வரும்வரை செய்யக்கூடியவை சில. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். மெத்தை விளிம்பு அழுத்தி அழுத்தித்தான் சுவரில் மாட்டிய மூன்று பின் பிளக் சரிந்து, தொடர்பு தளர்ந்து சூடாகிறது. சார்ஜிங்கில் உள்ள போனைத் தலையணைக்கு அடியில் வைக்க வேண்டாம். வாங்குமுன் உறைத் துணியில் இரண்டு விரல் அகலத் துண்டு கேட்டு, மொட்டை மாடியில், தண்ணீர் வாளிக்கு மேலே குறடால் பிடித்து அடியில் தீக்குச்சி காட்டிப் பாருங்கள். குச்சியை எடுத்ததும் அணைந்தால் நல்லது. எரிந்துகொண்டே சொட்டினால் அந்தத் துணி வேண்டாம். ஃபோமில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

மெத்தை எரிந்தால் இழுத்துக்கொண்டு வெளியே ஓடாதீர்கள். காற்று பட்டு இன்னும் எரியும், வாசலில் சிக்கி வழியையும் அடைக்கும். எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்தி, 101 அல்லது 112ஐ அழையுங்கள். பவுடர் தீயணைப்பு சிலிண்டர் ஜுவாலையை அடக்கும், உள்ளே இருக்கும் சூட்டை அடக்காது. பஞ்சு மெத்தையில் கனன்றதை ஒரு சொம்புத் தண்ணீரில் அணைத்துவிட்டுத் தூங்கப் போனால் சில மணி நேரம் கழித்து மறுபடி எழும். அணைத்த பிறகு வெளியே கொண்டுபோய், கிழித்து, உள்ளே நனைய ஊற்ற வேண்டும்.

2024இல் நம் மாநகராட்சி பி.ஜி.களுக்கு நெறிமுறை வெளியிட்டபோது ஒருவருக்கு 70 சதுர அடி, 135 லிட்டர் தண்ணீர் என்று அளவு சொன்னது. அதே பட்டியலில் மெத்தைக்கும் ஒரு வரி சேர்க்கலாம்: ஒவ்வொரு மெத்தையிலும் டென்சிட்டி, உறைத் துணி, தடுப்புத் துணி எழுதிய துண்டு தைத்திருக்க வேண்டும், மூன்றும் சேர்ந்த சோதனை ரிப்போர்ட்டின் நகலை வாடகை விவரம் ஒட்டும் பலகையிலேயே ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
மெத்தை, சோபா வேலை செய்வோர் சிலர்,
சிவாஜிநகர், பெங்களூரு