ரீமேக் என்றால் பணம் புரள்வது ஏன்? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள தயாரிப்பாளர்களுக்கும் கதாசிரியர்களுக்கும்,

வணக்கம். பவுண்ட் ஸ்கிரிப்ட் (பைண்ட் செய்த முழுத் திரைக்கதை) அடிக்கவும் கதை உரிமை ஒப்பந்தம் தயாரிக்கவும் எங்களிடம் வருகிறவர்கள் இரண்டு கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "புதுக் கதையோடு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறோம். பக்கத்து மாநிலத்தில் ஓடிய படத்துக்கு மட்டும் உடனே அட்வான்ஸ் போகிறதே, எப்படி?" என்பது எழுதுகிறவர்களின் கேள்வி. "ரைட்ஸ்தான் வாங்கியாகிவிட்டதே, இன்னும் எதற்கு இத்தனை பேப்பர்?" என்பது தயாரிப்பாளர்களின் கேள்வி. இரண்டையும் சேர்த்தே விளக்கிவிடுகிறோம்.

பூஜை போடும் நாளில் முழுப் பணமும் கையில் வைத்திருக்கும் தயாரிப்பாளர் அபூர்வம். நெகட்டிவ் உரிமையை, அதாவது படத்தின் மூலப் பிரதி மீதான உரிமையை, ஈடாக வைத்து ஃபைனான்ஸ் வாங்க வேண்டும். என்.எஸ்.சி. (வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு), கோவை, மதுரை, திருச்சி, சேலம், நெல்லை என்று ஏரியா ஏரியாவாக எம்.ஜி.யோ (மினிமம் கேரண்டி, படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் விநியோகஸ்தர் தரும் குறைந்தபட்சத் தொகை) அட்வான்ஸோ பேச வேண்டும். சாட்டிலைட் (டி.வி.), டிஜிட்டல் (ஓ.டி.டி.), ஆடியோ, இந்தி டப்பிங் உரிமைகள் தனி. இத்தனை பேரும் எடுக்காத படத்துக்கு விலை சொல்லியாக வேண்டும். புதுக் கதை என்றால் அவர்கள் முன்னால் இருப்பது ஒரு நரேஷன், அதாவது வாயால் சொல்லும் கதை மட்டுமே. சொல்கிறவர் திக்கினால் கதையும் திக்கும். நன்றாக எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு நன்றாகச் சொல்ல வராது என்பது கோடம்பாக்கம் அறிந்த சங்கதி. ரீமேக்குக்கு நரேஷனே வேண்டாம், படத்தைப் போட்டுக் காட்டினால் போதும். இடைவேளை எங்கே விழுகிறது, எந்தக் காட்சிக்கு விசில் பறந்தது, எல்லாம் கண்கூடு. ஹீரோவும் கால்ஷீட் கொடுக்குமுன் தன் பாத்திரம் திரையில் நிற்குமா என்று பார்த்துக்கொள்ளலாம்.

வெளியே தெரியாத லாபம் ஒன்றும் உண்டு. மூலப்படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, காட்சி எண், நீளம், பகலா இரவா, உள்ளா வெளியா, எத்தனை நடிகர், என்ன வண்டி என்று சீன் ஆர்டர் போட்டுவிடலாம். ஒரே இடத்தில் நடக்கும் காட்சிகளைச் சேர்த்தால் ஷெட்யூல் வரும். ஷெட்யூலிலிருந்து கால்ஷீட் கணக்கும் பட்ஜெட்டும் வரும். புதுக் கதையில் எடுத்துவிட்டு எடிட்டிங்கில் தூக்கிப் போடும் காட்சிகளுக்கும் காசு செலவாகியிருக்கும். ரீமேக்கில் அந்த வெட்டு முதல் தயாரிப்பாளரின் செலவிலேயே நடந்து முடிந்துவிட்டது. மாத வட்டி ஓடிக்கொண்டிருக்கும் தொழிலில் இது சின்ன விஷயமில்லை.

உதாரணத்துக்கு, ஜீத்து ஜோசப்பின் மலையாளப் படம் 'த்ரிஷ்யம்' 2013 டிசம்பரில் வந்தது. 2014-இல் கன்னடத்திலும் தெலுங்கிலும் எடுத்தார்கள். 2015-இல் தமிழில் 'பாபநாசம்', அதே ஆண்டு இந்தி, 2017-இல் சிங்களம், 2019-இல் சீனம். ஒரு குடும்பம் குறிப்பிட்ட நாளில் வேறு ஊரில் இருந்ததாக மற்றவர்களை நம்பவைப்பதுதான் அதன் அச்சாணி. பஸ் டிக்கெட், சாப்பாட்டு பில், லாட்ஜ், சினிமா தியேட்டர் எல்லாம் எந்த நாட்டிலும் கிடைக்கும். மலையாளத்தில் கிறிஸ்தவக் குடும்பம் தியானக் கூட்டத்துக்குப் போகிறது. இந்தியில் அது கோவாவில் வாழும் இந்துக் குடும்பம், ஆகவே தியானம் பணஜியில் சத்சங்கமானது. ஒன்றை மாற்றியதால் அதைத் தொட்ட வசனம், தேதி, சாட்சி அத்தனையும் மாறின.

ரீமேக் ஸ்கிரிப்ட்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஊர்ப் பெயரை மாற்றுவார்கள், தூரத்தை மாற்ற மறந்துவிடுவார்கள். மூலத்தில் ஆறு மணி நேர இரவுப் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வைத்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம்தான். அப்புறம் லாட்ஜில் தங்க வேண்டிய அவசியம் ஏது? லாட்ஜ் போனால் லாட்ஜ்காரரின் சாட்சியும் போகிறது, இரண்டாம் பாதியே ஆடிவிடும். அதனால்தான் ரீமேக் வேலைக்கு, எந்த மாற்றம் எந்தெந்தக் காட்சியைத் தொடுகிறது என்ற பட்டியலை முதலில் கேட்கிறோம். வசனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி பேப்பர். படத்தின் தயாரிப்பாளரிடம் மட்டும் கையெழுத்து வாங்கிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். 'ஆரண்ய காண்டம்' வழக்கில் 2017-இல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு சொன்னதை நினைவில் வையுங்கள்: படத்தை டப் செய்யும் உரிமை தயாரிப்பாளருக்கு உண்டு, திரைக்கதையை வைத்து ரீமேக் எடுக்கும் உரிமையை எழுத்தாளரிடம் எழுத்தில் வாங்கியிருக்காவிட்டால் அது தயாரிப்பாளருக்கு இல்லை. ஆகவே மூலப்படத் தயாரிப்பாளர் தன் எழுத்தாளரிடம் வாங்கிய ஒப்பந்தத்தின் நகல் எங்களுக்கு வேண்டும். அது இல்லையென்றால் எழுத்தாளரையும் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகச் சேர்க்க வேண்டும்.

காலமும் எல்லையும் எழுதாத ஒப்பந்தம் இன்னும் ஆபத்து. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, வளைகுடா வியாபாரம் அங்கேயே நின்றுவிடும். வேறு மாதிரி எழுதாவிட்டால், வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாதபோது அது காலாவதியாகும். ஹீரோவின் தேதிக்காகக் காத்திருக்கும் கம்பெனிக்கு ஓராண்டு கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

ரீமேக்கின் ரீமேக் என்றால் இரட்டை வேலை. 'மணிச்சித்திரத்தாழ்' 1993-இல் மலையாளத்தில் வந்தது. பி. வாசு அதை 2004-இல் 'ஆப்தமித்ரா' என்று கன்னடத்திலும், 2005-இல் 'சந்திரமுகி' என்று தமிழிலும் எடுத்தார். இந்த மாதிரி வரிசையில், நடுவில் வந்த படம் புதிதாகச் சேர்த்த காட்சியை நீங்களும் எடுப்பதானால், முதல் படத்தின் உரிமை மட்டும் போதாது.

இப்போது நாங்கள் பிடிவாதமாகக் கேட்கும் ஷரத்து டப்பிங் தடைதான்: மூலப்படத்தின் டப்பிங், ரீமேக்கை முந்திக்கொண்டு வரக்கூடாது. தெலுங்கு 'அல வைகுண்டபுரமுலோ' 2020-இல் வந்தது. அதன் இந்தி டப்பிங் 2022 பிப்ரவரியில் டி.வி.யில் ஓடியது, இந்தி ரீமேக் 'ஷெஸாதா' 2023 பிப்ரவரியில்தான் தியேட்டருக்கு வந்தது. வசூல் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. தமிழ்ப் படத்தின் ரீமேக்கான இந்தி 'விக்ரம் வேதா'வுக்கும் 2022-இல் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஆனால் அதே ஆண்டு இந்தி 'த்ரிஷ்யம் 2' நன்றாக ஓடியது: முதல் பாகத்தை இந்தியிலேயே பார்த்த கூட்டம் அதற்குக் காத்திருந்தது. உங்கள் ரீமேக் வெளியாகி ஒரு குறிப்பிட்ட காலம் வரை, மூலப்படத்தின் தமிழ் ஒலித்தடம் ஓ.டி.டி., டி.வி., யூடியூப் எதிலும் வரக்கூடாது என்று எழுதுங்கள். அதற்குமுன், டப்பிங் உரிமையை யாருக்காவது ஏற்கெனவே விற்றாயிற்றா என்று கேளுங்கள். விற்றிருந்தால் ரீமேக் விலையைக் குறைத்துப் பேசுங்கள். எங்களைக் கேட்டால் அந்தப் படத்தையே விட்டுவிடச் சொல்வோம்.

கதாசிரியர்களுக்கு: நரேஷனை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ரீமேக்கோடு கூட வரும் பேப்பர்களை உங்கள் கதைக்கும் தயார் செய்யுங்கள். முழுத் திரைக்கதை, சீன் ஆர்டர், இடங்களின் பட்டியல், பாத்திரத்துக்கு எத்தனை நாள் கால்ஷீட் என்ற கணக்கு, இடைவேளைக் காட்சி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்பது வரை. வெறும் கருவுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1978-இலேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. ஒரு வரிக் கதையைச் சொல்லிவிட்டு வந்து பிறகு வருந்துவதில் பயனில்லை. எழுத்தாளர் சங்கத்தில் முழு ஸ்கிரிப்டைப் பதிந்துவிட்டு, யாரிடம் எந்த வடிவத்தைச் சொன்னீர்கள் என்று கதை கேட்டவர்களுக்கு அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கதையை விற்கும்போது "அனைத்து மொழி, அனைத்து உரிமை" என்ற வரி வந்தால் நிறுத்துங்கள். பிறமொழி ரீமேக்கைத் தனி ஷரத்தாக்கி, ஒவ்வொரு மொழிக்கும் உங்களுக்கு எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள்.

ரீமேக் வேலைக்கு வரும்போது மூலப்படத்தின் தணிக்கைச் சான்றிதழ் நகல், தயாரிப்பாளர்-எழுத்தாளர் ஒப்பந்த நகல், இதுவரை விற்ற உரிமைகளின் பட்டியல் மூன்றையும் கொண்டு வாருங்கள். மூலம் வேற்று மொழியில் இருந்தால் மொழிபெயர்ப்புக்கு நாங்களே ஆள் ஏற்பாடு செய்கிறோம், கட்டணம் பக்கக் கணக்கு.

இப்படிக்கு,
ஸ்கிரிப்ட் மற்றும் உரிமை ஆவணப் பிரிவு,
வடபழனி, சென்னை