ஈஸ்டரோட ஏன் நிறுத்திட்டீங்க?

ஆசிரியர் சாருக்கு வணக்கம். ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து நாள் 40-லயும் உங்க பேப்பர்ல தினம் ஒரு தியானம் போட்டீங்க, எங்க வீட்ல காலைல டீ குடிக்கறதுக்கு முன்னாடி அதை சத்தமா வாசிக்கச் சொல்லி அம்மா கேப்பாங்க, ஆனா ஈஸ்டர் அன்னிக்கு ஒண்ணு போட்டுட்டு அப்படியே விட்டுட்டீங்களே. பரிசுத்த ஆவி இறங்கின பெந்தெகொஸ்தே திருநாள் வரைக்கும் 50 நாள் ஈஸ்டர் காலம்தானே சார், அழறதுக்கு 40 நாள், சந்தோஷத்துக்கு ஒரே நாளா?

பைபிள்ல யோவான் சுவிசேஷம் 21-ம் அதிகாரத்தையே எடுத்துக்கோங்க. ராத்திரி பூரா வலை போட்டும் ஒண்ணும் சிக்காம வர்ற சீஷருங்களுக்கு, உயிர்த்தெழுந்த இயேசு கரையில கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வெச்சு சாப்பிட கூப்பிடுறார். கோத்தகிரி குளிர்ல விடியக்காலம் கை வெறைச்சுப் போய் கரிச்சட்டி பக்கத்துல குந்தினவங்களுக்கு இது சட்டுனு புரியும். சீஷரான பேதுரு இயேசுவைத் தெரியாதுன்னு மறுதலிச்சதும் இதே மாதிரி ஒரு கரிநெருப்புல குளிர் காஞ்சுட்டு நின்னப்பதான், 18-ம் அதிகாரத்துல இருக்கு. ஆனா இங்க ஒரு திட்டு இல்ல, முதல்ல சாப்பாடு, அப்புறம்தான் பேதுருகிட்ட என்னை நேசிக்கிறியான்னு 3 தடவை கேள்வி. (இயேசு சொன்ன பக்கம் வலை போட்டப்புறம் சிக்கின மீனை 153-னு எண்ணி எழுதினவர் கண்டிப்பா மீன்காரர் வீட்டு ஆளுதான்!)

இந்த மாதிரி பகுதிங்களை போடுங்க சார், பெந்தெகொஸ்தேக்கு இன்னும் நாள் இருக்கு. அம்மா தினமும் பேப்பரைத் திருப்பி திருப்பி தேடுறாங்க.

ஒரு வாசகி, கோத்தகிரி